ஒரு நாள் பிந்திய பெட்டி

மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. எங்கள் மாலை வகுப்பின் சோதனையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

மேலே என்றால் நிஜமாகவே மேலே. பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்வெளி நிலையத்துக்கு மூன்று நாட்டுக்காரர்கள் நான்கு பேர் பத்து நாள் விருந்தாளிகளாகப் போகிறார்கள், கூடவே பள்ளிகளின் சின்னச் சின்னச் சோதனைகளையும் எடுத்துப் போவார்கள் என்று ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் உயிரியல் சார் விண்ணப்பம் போட்டார். நாங்கள் பள்ளிப் பிள்ளைகள் இல்லை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, விட்டுப்போன படிப்பைப் பிடிக்க மாலையில் ஓடிவருகிறவர்கள். பிள்ளைகளுக்குச் செய்த குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருகிறவர்கள். இதெல்லாம் கிடைக்காது என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். கிடைத்துவிட்டது.

பெட்டி சாப்பாட்டு டப்பா அளவுதான். அடியில் மெல்லிய கம்பளித் துண்டு, அதில் ஊன்றிய பன்னிரண்டு கடுகு நாற்றுகள், தலைக்கு மேல் ஒரு குட்டி விளக்கு, பக்கத்தில் ஒரு குட்டி விசிறி. காலையும் மாலையும் ஒவ்வொரு நாற்றின் அடியிலும் டிராப்பரால் தண்ணீர் விட வேண்டும். அந்த நால்வரில் ஒருவர் எங்கள் மொழி பேசும் கண் டாக்டரம்மா. மேலே பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. அச்சு அசலாக அதே போன்ற இன்னொரு பெட்டி கீழே இருக்கும். டாக்டர் அங்கே என்ன செய்கிறாரோ, அதை ஒருவர் மறுநாள் இங்கே அப்படியே செய்ய வேண்டும். அவர் தாமதமாகத் தண்ணீர் விட்டால் நாமும் தாமதமாக. அங்கே சூடு ஏறினால் இங்கேயும் ஏற்ற வேண்டும். ஒரு நாள் பின்னால் நடக்கும் நிழல் மாதிரி.

"அப்பத்தான் ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு வித்தியாசம் மிஞ்சும்," என்றார் சார். "அங்க எடை கிடையாது, இங்க உண்டு. வேற எதுவும் மாறக் கூடாது. கீழ இருக்கற பெட்டிதான் முக்கியம். அது பொய் சொன்னா மேல இருக்கறதும் பொய்யாயிடும்."

அந்தக் கீழ்ப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். பகலில் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு. அங்கே வைக்க முடியாது. யார் வீடு என்ற பேச்சு வந்தபோது முதலில் என் பெயரைச் சொன்னது மீட்டர் அண்ணன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறிப்பவர் என்பதால் அந்தப் பெயர்.

"லேபிள்கிட்ட குடுங்க சார். பேனா மூடிய மூடிட்டு, மூடினோமான்னு தெறந்து பாக்கற பொண்ணு அது."

எல்லோரும் சிரித்தார்கள். லேபிள் நான்தான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறேன். ஒரு சீட்டு மாறினால் ஒருவருடைய நோய் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தார்கள். அதிலிருந்து எதையும் இரண்டு முறை பார்க்கிறேன். இரண்டாம் முறை பார்த்தபின் முதல் முறை சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும். அதை ஒழுங்கு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது பயம் என்றுதான் தோன்றுகிறது.

பெட்டியை உள் அறை அலமாரியின் நடுத்தட்டில் வைத்தேன். அங்கிருந்த புடவைகளை அம்மா முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"கடுகுக்கு ஒரு ரூம். எனக்குத்தான் இந்த வீட்ல ஒரு மூலை இல்ல."

ஆனால் கதவைத் திறந்து முதலில் பார்ப்பதும் அவள்தான்.

டாக்டரின் குறிப்பு தினமும் காலையில் சாரின் போனுக்கு வரும். அவர் எனக்கு அனுப்புவார். முதல் குறிப்பு: "வந்து சேர்ந்தோம். நாற்றுகள் நலம். இரண்டு வேளையும் தண்ணீர் கொடுத்தேன்." நானும் இரண்டு வேளை கொடுத்தேன். இரண்டாவது குறிப்பு: "நேற்று முழுவதும் தலைசுற்றலும் வாந்தியும். புதிதாக வருகிறவர்களுக்கு இது சகஜமாம். தூக்கப்பையை விட்டு வெளியே வர முடியவில்லை. ஒரு வேளையும் தண்ணீர் கொடுக்கவில்லை."

கீழே சார் ஒரே வரி சேர்த்திருந்தார்: "இன்னைக்கு நமக்கும் தண்ணி கிடையாது."

காலையில் நான் தண்ணீர் விடவில்லை. வேலைக்குப் போனேன். அன்று வகுப்பு இல்லாததால் நேராக வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடச் சரியாக விடாமல் அலமாரியைத் திறந்தேன். பன்னிரண்டும் சாய ஆரம்பித்திருந்தன. விளக்குச் சூட்டிலும் விசிறிக் காற்றிலும் கம்பளித் துண்டு அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. இலைகள் ஓரத்தில் சுருண்டிருந்தன.

இரக்கப்பட்டுத்தான் ஊற்றினேன் என்று சொல்ல ஆசை. அது பாதிதான். அவை செத்தால் டாக்டர் கொடுக்காததால் செத்தன என்று யார் சொல்வார்கள்? லேபிளிடம் கொடுத்தோம், லேபிள் கோட்டைவிட்டாள் என்பார்கள். அந்தப் பயம்தான் மறுபாதி. அதற்குமேல் என் சந்தேகமும் துணைக்கு வந்தது. முந்தின நாள் டிராப்பரில் காற்றுக்குமிழ் இருந்ததோ? நான் கொடுத்தது குறைவோ? குறைந்ததைத்தானே இப்போது ஈடு கட்டுகிறேன்? மற்ற நாட்களில் என்னைத் தூங்கவிடாத அந்தச் சந்தேகம், அன்று எனக்கு வக்கீலாக வந்து நின்றது. எப்போதும் விடும் அளவு, ஒவ்வொன்றுக்கும் விட்டேன். டிராப்பரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன்.

காலையில் பன்னிரண்டும் நிமிர்ந்து நின்றன. போன் ஒலித்தது. மூன்றாவது குறிப்பு: "எழுந்து நடமாடுகிறேன் என்று சொல்ல முடியாது, மிதக்கிறேன். பெட்டியைத் திறந்தேன். ஏழு நாற்றுகள் காய்ந்துவிட்டன. ஐந்து பிழைத்திருக்கின்றன. இது முழுக்க என் தவறு. உங்கள் வகுப்பிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை."

அன்று மாலை சார் அந்தக் குறிப்பை வகுப்பில் வாசித்தார். பேக்கரியில் வேலை பார்க்கும் அக்கா உச்சுக்கொட்டினாள். சார் என் பக்கம் திரும்பினார்.

"நம்ம பக்கம் எத்தன போச்சு?"

"பன்னெண்டும் நிக்குது சார்."

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. எனக்கு இன்னும் அதுதான் உறுத்துகிறது.

"நேத்து பூரா தண்ணி இல்லாமலா?"

ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். பொய் சொல்ல எனக்கு வாய்கூடத் தேவைப்படவில்லை.

சார் சாக்பீஸை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். பலகையில் ஏழு என்று எழுதி, பக்கத்தில் பூஜ்யம் போட்டார்.

"புரியுதா? ஒரே பட்டினி. அங்க ஏழு போச்சு, இங்க ஒண்ணுகூடப் போகல. எடை இல்லாத எடத்துல வேரைச் சுத்தி ஈரம் வேற மாதிரி நிக்குது போல. மிச்சம் மீதி இருந்தாலும் வேருக்கு எட்டல. டாக்டர் மேல தப்பே இல்லப்பா!"

"அப்ப நம்ம கடுகு பெரிய ஆளாயிடுச்சு," என்றார் மீட்டர் அண்ணன்.

"கடுகு இல்லய்யா, லேபிள்! அவ ஒழுங்கா இருந்ததாலதான் இது தெரிஞ்சுது."

கைதட்டினார்கள். குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

சார் அன்றைக்கே மேலே தகவல் அனுப்பினார். மறுநாள் டாக்டரின் குறிப்பு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. "நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். ஒரு நாள் படுத்துக் கிடந்ததற்கு ஏழு உயிர் போய்விட்டதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. இங்கே இருப்பவர்கள் வெறும் கடுகுதானே என்று சிரித்தார்கள். இன்று அவர்களிடம் உங்கள் கணக்கைக் காட்டினேன். நன்றாகத் தூங்கினேன்."

நான் அன்று பரிசோதனை நிலையத்தில் ஒரு குழாய்க்கு இரண்டு சீட்டு ஒட்டிவிட்டேன். கவனித்துப் பிரித்துவிட்டேன், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று மேலிருந்து கீழாக யோசித்துப் பார்த்தேன். டாக்டரின் தூக்கம் போகும். சாரின் கண்டுபிடிப்பு போகும். என் பெயர் போகும். சொல்லாவிட்டால் இதெல்லாம் அப்படியே இருக்கும். எந்தப் பக்கம் கனம் அதிகம் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்தக் கனமான பக்கம் தப்பான பக்கம் என்பதும் தெரிந்திருந்தது.

சொல்லிவிடலாம் என்று வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஆசிரியர் அறைக்குப் போனேன். சார் மேஜை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா, வா. ஒக்காரு. இத்தன வருஷமா நான் என்ன பண்ணியிருக்கேன் தெரியுமா? அடுத்தவன் கண்டுபிடிச்சத, அவன் படம் போட்டு, அவன் பேர எழுதிச் சொல்லிக் குடுத்திருக்கேன். மொத தடவையா நம்ம ரூம்லேர்ந்து ஒண்ணு போகப் போகுது. சின்னதுதான். சின்னதா இருந்தா என்ன? என் பொண்டாட்டி கேக்கறா, நீங்க ராக்கெட்ல போறீங்களா, சட்டைய தேச்சு வைக்கவான்னு."

"சார், ஒரு விஷயம்..."

"பிஸ்கட் எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். தின்றேன். வெளியே வந்தேன். அதற்கு அடுத்த வகுப்பு நாளும் போனேன். அன்று அவர் இன்னொரு செய்தி சொன்னார், அதைக் கேட்டுவிட்டுச் சொல்லாமலே வீட்டுக்கு வந்தேன்.

பெட்டி திரும்பி வருவதாக ஏற்பாடு இல்லை. படங்கள் மட்டும் வரும். பெட்டி நிலையத்தின் குப்பையோடு போகும். ஆனால் பிழைத்த ஐந்தின் வேரை அறுத்துப் பார்த்தால்தான் சார் சொல்வது உறுதியாகும். திரும்பி வரும் கலத்தில் இடம் மிகக் கொஞ்சம். ஆளுக்கு ஒரு சின்னப் பை. டாக்டர் தன் பையில் ஒரு துணி கொண்டு போயிருந்தார். கண் அறுவை முடிந்த நோயாளிகள், கட்டுப் பிரித்ததும் முதலில் பார்த்ததை ஆளுக்கொன்றாக அதில் வரைந்திருந்தார்களாம். ஒருவர் ஜன்னல், ஒருவர் நர்ஸின் மூக்கு, ஒருவர் தன் கை. மேலே கொண்டு போய்க் காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வார்டில் மாட்டுவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"அந்தத் துணிய அங்கேயே விட்டுட்டு நம்ம பெட்டிய எடுத்துட்டு வராங்களாம்," என்றார் சார். "என்ன மனசு பாரு."

"அங்கேயே விட்டா அது என்ன சார் ஆகும்?"

"அங்க எதையும் சும்மா வெச்சிருக்க மாட்டாங்கம்மா. குப்பைக் கலத்துல ஏத்தி விட்ருவாங்க. கீழ வரும்போது எரிஞ்சு போயிடும்."

வீட்டில் அம்மா அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எப்படி வளந்திருக்கு பாருடி. அன்னைக்கு மட்டும் நீ தண்ணி ஊத்தலன்னா எல்லாம் போயிருக்கும்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். நான் சமையக்கட்டுல இருந்தேன், குருடாவா இருந்தேன்? வாடிக் கெடந்தத பாத்துட்டு எவளாவது ஊத்தாம இருப்பாளா? அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

"ஊத்தக் கூடாதும்மா."

"எவன் சொன்னான் ஊத்தக் கூடாதுன்னு? அவனுக்கு ரெண்டு நாள் தண்ணி குடுக்காம வெச்சுப் பாரு, தெரியும்."

அம்மா என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்க எதுவும் இருப்பதாகவே அவள் நினைக்கவில்லை. அதனால் எனக்கு ஆறவில்லை. அவளிடம் விளக்கவும் இல்லை. இந்த வீட்டில் ஒருத்தியாவது என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விருந்தாளிகள் கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் வகுப்போடு டாக்டர் நேரலையில் பேச ஏற்பாடாகியிருந்தது. பலகையின் மேல் வெள்ளைத் துணி கட்டி அதில் படம் விழச் செய்தோம். பேக்கரி அக்கா கேக் கொண்டு வந்திருந்தாள். மீட்டர் அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

டாக்டர் தெரிந்தார். முகம் உப்பியிருந்தது, முடி தலையைச் சுற்றி விரிந்து நின்றது. அவருக்குப் பின்னால் ஒருவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, பின்னாடி அந்த அண்ணன் ஏன் தலைகீழா நிக்கிறாரு?" என்றார் மீட்டர் அண்ணன்.

பதில் வர ஒரு கணம் பிடித்தது. "அவரக் கேட்டா நாமதான் தலைகீழ்ம்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அங்கே எப்படித் தூங்குகிறீர்கள், குளிப்பீர்களா என்று கேட்டார்கள். பையைச் சுவரில் கட்டி அதற்குள் நுழைந்து தூங்குவதாகவும், குளியல் என்றால் ஈரத்துணியால் துடைப்பதுதான் என்றும் டாக்டர் சொன்னார். பிறகு பெட்டியைத் தூக்கிக் காட்டினார். ஐந்து நாற்றுகளும் ஆளுக்கொரு திசையில் வளைந்து நின்றன.

"இத இன்னும் கொஞ்ச நேரத்துல பைக்குள்ள வெச்சுடுவோம். துணிய எடுத்து வெளிய வெச்சாச்சு. கீழ்ப் பெட்டியப் பாத்துக்கிட்டது யாரு? அவங்களப் பாக்கணுமே."

சார் என்னை எழுப்பிவிட்டார். கேமராவுக்கு நேராக நின்றேன். டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுசாக வந்து சேர்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அந்தத் துணிய வெளிய வைக்காதீங்க டாக்டர். நான் தண்ணி ஊத்திட்டேன்."

அந்த ஒரு கணம் அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னது போய்ச் சேர்ந்தது.

"எப்போ?"

"ஊத்தக் கூடாத அன்னைக்கு. சாயங்காலம்."

"எவ்ளோ?"

"எப்பவும் ஊத்தற அளவு. எல்லாத்துக்கும்."

"ஊத்தறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"சாய ஆரம்பிச்சிருந்துச்சு. பன்னெண்டும்."

நோயாளியிடம் கேட்பது போலத்தான் கேட்டார். குரலில் கோபம் இல்லை. அவர் கையில் பெட்டி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"சரி," என்றார். "அப்ப வெறும் தாகந்தான்." பெட்டியைப் பார்த்தபடி, "இது என் தப்பு இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றார்.

"மன்னிச்சிடுங்க டாக்டர்."

"சொன்னீங்களே, சரி. இன்னும் கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம்."

பின்னால் இருந்தவர் வேறு மொழியில் ஏதோ கேட்டார். டாக்டர் திரும்பி இரண்டு வார்த்தை பதில் சொன்னார். பெட்டியைச் சுவரில் ஒட்ட வைத்துவிட்டு, மடித்த துணி ஒன்றை எங்கிருந்தோ இழுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். நேரம் முடிந்து படம் போனது. வெள்ளைத் துணி மட்டும் இருந்தது.

யாரும் கேக்கைத் தொடவில்லை.

"மேல இருக்கற அஞ்சு?" என்று பேக்கரி அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"குப்பையோட போயிடும்," என்றார் சார். அவர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டியதைப் பிரித்து மறுபடியும் சுருட்டினார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"ரெண்டு தடவ வந்தேன் சார்."

"வந்த," என்றார். ஒயரைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் பேசிட்டே இருந்தேன்," என்றார்.

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். என் தப்பில் அவர் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். டாக்டரும் தன் பங்கை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் என்னிடம் இருந்தது குறையவில்லை.

அடுத்த வகுப்புக்குக் கீழ்ப் பெட்டியைக் கொண்டு வரச் சொன்னார். சோதனை முடிந்துபோனது, நாற்றுகளை வீணாக்க வேண்டாம், வேரின் குறுக்குவெட்டு பாடத்துக்கு உதவும் என்றார். அலமாரியிலிருந்து எடுக்கும்போது அம்மா வழிமறித்தாள். தொட்டியில் நட இரண்டு கேட்டாள். நான் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

வகுப்பில் ஆளுக்கொரு நாற்று கிடைத்தது. அன்று பகலில்தான் விருந்தாளிகள் தரையிறங்கியிருந்தார்கள். அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்த போனை மீட்டர் அண்ணன் என் பக்கம் தள்ளினார். நாற்காலியில் வைத்து டாக்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மடியில் துணி இருந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை.

"போன உள்ள வைங்க," என்றார் சார். "பிளேடு ஜாக்கிரத."

என் நாற்றை ஈரத்தாளில் படுக்க வைத்து வேரைக் குறுக்கே மெல்லிசாக அறுத்தேன். முதல் துண்டு தடிமனாக வந்தது. இரண்டாவது சரியாக வந்ததா என்று சந்தேகமாக இருந்தது. மூன்றாவதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். வட்டமாக, வெள்ளையாக, ஒவ்வொரு செல்லும் தண்ணீரால் ததும்பிக்கொண்டிருந்தது. சார் ஒவ்வொரு பெஞ்சாக வந்தார். என் இடத்தில் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றவர்களுடையதைப் பார்த்த அதே அளவு நேரம்தான் இதையும் பார்த்தார்.

"நல்லா குடிச்சிருக்கு," என்றார். அடுத்த பெஞ்சுக்குப் போனார்.